56 ஏபிஓ-வில் இருந்து வந்த மனுஷன்

ஜூலை பிறந்தால் எங்கள் வீட்டுக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்துவிடும். "26ஆம் தேதி கார்கில் தினம்ங்க, சார் வந்து பிள்ளைங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்." என் வீட்டுக்காரரும் போவார். முதல் நாள் ராத்திரியே ஷூவுக்கு பாலிஷ் போட்டு, மெடலைத் துணியால் துடைத்து வைத்துக்கொள்வார். மேடையில் பேசுவது மொத்தம் அஞ்சு வரி. தன் யூனிட், போன இடம் திராஸ், குளிர் அதிகம், கூட இருந்தவங்க நிறைய பேர் வரல, நீங்க நல்லாப் படிக்கணும். அவ்வளவுதான். சால்வை, ஒரு டம்ளர் காபி. வீட்டுக்கு வந்து லுங்கிக்கு மாறி, தென்னைக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். இத்தனை வருஷத்தில் அந்த அஞ்சு வரி ஆறாகவில்லை.

போன வருஷம் ஒரு டீச்சர் என்னையும் விடாமல் கூட்டிப்போனார். எனக்கும் சால்வை போட்டார்கள். திடீரென்று, "அம்மா, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்" என்று மைக்கை நீட்டிவிட்டார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. "நல்லாப் படிங்க" என்று அவர் சொன்னதையே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அதில் பாதி எட்டாவது படிக்கிற பிள்ளைகளிடம் சொல்லக்கூடியதும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மகள்தான் போனில் தமிழ் டைப் பண்ணக் கற்றுக்கொடுத்தாள். அவளும் படிப்பாள் என்பதால் கொஞ்சம் அடக்கித்தான் எழுத வேண்டும்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூரைச் சுற்றித் தெருவுக்கு நாலு பட்டாளத்து வீடு இருக்கும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுவார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து முதல் உலகப்போருக்குப் போனவர்கள் 277 பேர், அதில் உயிர்விட்டவர்கள் 14 பேர் என்று இங்கிலீஷில் செதுக்கியிருக்கும். சின்ன வயதில் அப்பாவோடு பஜாருக்குப் போகும்போதெல்லாம் அதைக் காட்டிப் படிக்கச் சொல்லுவார். அப்போது 14 பேரைத்தான் நினைத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் அந்த வழியாகப் போனால் மிச்சம் 263 பேர் ஞாபகம்தான் வருகிறது. வந்து இறங்கி, சோறு சாப்பிட்டு, பெண்டாட்டி பக்கத்தில் படுத்து, என்ன ஆனார்கள் என்பது எந்தக் கல்லிலும் இல்லை.

எங்கள் கல்யாணம் 1996 ஆவணியில். எனக்கு 20, அவருக்கு 26. பீரங்கிப் படையில், மீடியம் ரெஜிமென்டில் இருந்தார். போஃபர்ஸ் பீரங்கி. அந்தப் பேரை அதுவரை அரசியல் செய்தியில்தான் கேட்டிருக்கிறேன். கல்யாண லீவில் மிச்சமிருந்தது 24 நாள். அடுத்த வருஷம் ஆனுவல் லீவு 60 நாள். 98இல் மகள் பிறந்ததற்காக கேஷுவல் லீவு 30 நாள். ஆக, கார்கில் தொடங்கும்போது கிட்டத்தட்ட மூணு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தது 114 நாள். காலண்டரில் புள்ளி வைத்து எண்ணி வைத்திருந்தேன்.

நேரில் அவர் பேசவே மாட்டார். கூட்டுக்குடும்பம், ஒரே ரூம், வாசலில் திண்ணையில் மாமா, நடையில் அத்தை. பகலில் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன், இன்லண்ட் லெட்டரில் வாய் ஓயாமல் பேசுவார். "பிறியமுள்ள மனைவிக்கு" என்று ஆரம்பிப்பார், ஒவ்வொரு தடவையும் றி-தான். ரயில் ஜன்னலில் பார்த்த ஆப்பிள் மரத்துப் பூவை எழுதுவார். மெஸ்ஸில் வடக்கத்திக்காரன் ஒருத்தன் சாம்பாரில் சர்க்கரை போட்ட கதை எழுதுவார். மூணாவது மடிப்பில், பசை தடவும் ஓரத்தில், பொடி எழுத்தில் எனக்கு மட்டும் ரெண்டு வரி இருக்கும். அதைப் படிக்க கொல்லைப்பக்கம் போவேன். எனக்கு ஆசை வந்தது அந்தக் கடிதத்து ஆள்மேல்தான். லீவில் வந்தவர்மேல் மரியாதை இருந்தது, கொஞ்சம் கூச்சம் இருந்தது. ரெண்டு பேரும் ஒரே ஆள் என்று மனசுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது.

விலாசம் எப்போதும் ஒன்றுதான்: நம்பர், பேர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏபிஓ. ஏபிஓ என்றால் ஆர்மி போஸ்ட் ஆபீஸ், பட்டாளத்துத் தபால் நிலையம். ராஜஸ்தான் மணலில் இருந்தாலும் அதுதான், காஷ்மீர் பனியில் இருந்தாலும் அதுதான். அவர் எங்கே இருக்கிறார் என்று அந்தக் காகிதம் சொல்லாது.

99 மே மாசக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. "யூனிட் மூவ் ஆகுது. எழுத லேட் ஆகும். ஜூன் லீவு வராது." பிறகு 34 நாள் ஒன்றும் இல்லை.

அந்த 34 நாளை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. ரெண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஜூன் 8ஆம் தேதி இங்கிலாந்தில் உலகக்கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடின. ஜெயித்தவுடன் தெருவில் சரவெடி வெடித்தார்கள். எல்லாம் நல்ல பிள்ளைகள்தான், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள். அன்றைக்கு அவர்கள் ஒவ்வொருவரையும் பிடித்து அறையலாம்போல இருந்தது. இன்னொன்று, திருச்சி மேஜர் சரவணன். பட்டாலிக் பக்கத்தில் மே 29ஆம் தேதி இறந்தவர். ஒரு மாசத்துக்கு மேல் ஆகியும் அவர் உடலை மலையிலிருந்து எடுக்க முடியவில்லை என்று பேப்பரில் வந்தது. ஜூலையில்தான் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மாமா பேப்பரை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, "எங்க காலத்துல பெட்டி வராதும்மா. அங்கியே கொளுத்திடுவாங்க. தந்திதான் வரும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். மாமா மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர், 71 சண்டையில் வங்காளத்தில் பாலம் கட்டப் போனவர். அன்றிலிருந்து தந்தி என்று யாராவது சொன்னாலும் எனக்குப் பெட்டிதான் கண்ணில் வரும், பெட்டி என்றால் தந்தி.

ஜூன் கடைசியில் தபால்காரர் வந்தார். கடிதத்தைப் பிரிக்கும்போதே மண்ணெண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. பென்சிலில் எழுதியது. நாலே வரி. நல்லா இருக்கேன், பாப்பா எப்படி, அம்மாகிட்ட சொல்லு, லைட் இல்லை. "பிறியமுள்ள" இருந்தது. பசை ஓரத்தில் பொடி எழுத்து இல்லை. பங்கருக்குள் மண்ணெண்ணெய் விளக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு, கை, துணி, சாப்பாடு எல்லாமே அந்த வாசனைதான் என்று பிறகு சொன்னார். எனக்கு அது தெரியாது. ரேஷன் கடை வரிசையில் கேன் வைத்துக்கொண்டு நிற்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பின்னால் நின்ற அம்மா, "நெடி ஒத்துக்கலையா கண்ணு?" என்று கேட்டார்.

அக்டோபர் கடைசி வாரம், தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்தார். ஜம்முவிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் காட்பாடி, அங்கிருந்து பஸ். ஊர் எல்லையிலேயே மேளம் வைத்துவிட்டார்கள். மாலை, ஆரத்தி, பட்டாசு எல்லாம் முடிந்து கறுப்பு டிரங்குப் பெட்டி வீட்டுக்குள் வர ரெண்டு மணி நேரம் ஆனது. முகம் பனி வெயிலில் கருகி, மூக்குத் தோல் உரிந்து, உதடு வெடித்திருந்தது. எங்கள் தெருப் பையன் ஒருத்தன் கேட்டான், "அண்ணா, எத்தினி பேரக் கொன்ன?" இவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாங்க யாரையும் பாக்கலடா. நம்பர் சொல்லுவாங்க. அந்த நம்பருக்குப் போடுவோம்."

அந்த நம்பருக்கு எத்தனை போட்டார்கள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சண்டையில் நம் பீரங்கிகள் போட்டது ரெண்டரை லட்சம் குண்டுக்கு மேல். டைகர் ஹில்லைப் பிடித்த அன்றைக்கு மட்டும் ஒன்பதாயிரம். ஒரு குண்டு நாப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தூக்கித் தூக்கிக் கொடுத்த ஆள்களில் ஒருத்தர்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி. மகளே, இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடு.

எல்லோரும் படுத்தாகிவிட்டது. விளக்கை அணைத்தேன். நான் மெதுவாக ஏதோ கேட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். இல்லை. கோபமோ என்று நினைத்தேன். அப்போது அவர் என் பக்கம் திரும்பி, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பரேடில் கத்துகிற குரலில், "இன்னும் கொஞ்சம் கிட்ட வாயேன்!" என்றார்.

நடையில் அத்தை இருமினார். திண்ணையில் மாமா ரேடியோவைத் திருகினார். தெருநாய் ஒன்று குரைத்தது என்றுகூட ஞாபகம், ஆனால் அது நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

காது போயிருந்தது. இடது காது சுத்தமாக, வலது காது பாதி. தன் குரல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. பஞ்சு வைத்துக்கொண்டார்களாம், அதற்கெல்லாம் அடங்குகிற சத்தமா அது? யூனிட்டில் சொல்லவில்லை. சொன்னால் மெடிக்கல் கேட்டகரியை இறக்கிவிடுவார்கள், ப்ரமோஷன் போகும் என்று பயம். உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறார். இருட்டில் உதட்டை எங்கே பார்ப்பது?

ரெண்டாம் நாள் ராத்திரி அவர் வாயைத் திறக்கும் முன்பே கையால் பொத்தினேன். அவர் உள்ளங்கையை விரித்து, ஆள்காட்டி விரலால் எழுதினேன்: "மெதுவா". அவருக்குப் புரியவில்லை. திரும்ப எழுதினேன். இல்லை. கையைத் தடவிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கொப்புளம் வெடித்து, காய்ந்து, அதன்மேலேயே திரும்பக் கொப்புளம் வந்து, உள்ளங்கை முழுக்க மாட்டுக் குளம்பு மாதிரி தடித்திருந்தது. என் விரல் அதன்மேல் ஊர்வதே அவருக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் நான் அழவில்லை.

அவர் என்ன நினைத்தாரோ, பனியனைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தார். முதுகில் எழுதினேன். புரிந்தது. அப்புறம் லீவு முடியும்வரை ராத்திரி எங்கள் பேச்சு அப்படித்தான். நான் முதுகில் எழுதுவேன், அவர் பதிலை என் கையில் எழுதுவார். ளகரத்தையும் னகரத்தையும் முதுகில் பிரித்துச் சொல்ல முடியாது, ஒரே சுழி. ஒரு தடவை "வெயில் தாளல" என்று எழுதினேன். தாளலையும் தானலையும் போட்டுக் குழப்பி, எழுந்து உட்கார்ந்து "என்னது?" என்று அவர் போட்ட சத்தத்தில் அத்தையே "விடிஞ்சு பேசிக்கலாம், படுங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் கழித்து என் கையில் அவர் எழுதியதை முதலில் என்னால் படிக்கவே முடியவில்லை. மூணாவது தடவை மெதுவாக எழுதினார். "பிறியமுள்ள". இருட்டில்கூடத் தெரிந்தது, அதே றி. கடிதத்து ஆள் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஆனால் பகல் அப்படி இல்லை.

ரூமுக்குள்ளிருந்து கூப்பிட்டால் கேட்காதவருக்குக் குக்கர் விசில் மட்டும் கேட்டது. முதல் விசில் வந்ததும் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றுவிடும். உதடு மட்டும் அசையும். எண்ணுகிறார் என்று புரிய எனக்கு நாலு நாள் ஆனது. ரெண்டாவது விசில் வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து. மூணாவது வந்ததும் நான் அடுப்பை அணைத்துவிடுவேன். அவர் எண்ணிக்கொண்டே இருப்பார். நாலாவது வராது. அது வராமல் அவரால் சோற்றை வாயில் வைக்க முடியாது. நெற்றியில் வேர்வை துளிர்த்து நிற்கும்.

கேட்டதற்கு, முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு நாள் தானாகவே சொன்னார். எதிரிக் குண்டு கூவிக்கொண்டு வந்து விழும். ஒன்று விழுந்தால் அடுத்தது வர எவ்வளவு நேரம் என்று எண்ணுவார்களாம். அந்த இடைவெளிக்குள் ஓடிப்போய்க் குண்டை எடுத்துக்கொண்டு பீரங்கிக்கு வந்துவிட வேண்டும். எண்ணிக்கை தப்பின ஒருத்தரைப் பற்றிச் சொல்ல வந்து, பாதியில் நிறுத்திவிட்டார். இன்றுவரை அந்த மீதி எனக்குத் தெரியாது. "உன் குக்கர் நாப்பது எண்றதுக்குள்ள அடுத்தது போடுது" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார்.

"கூப்பிட்டாக் கேக்கல, இது மட்டும் எப்படிங்க கேக்குது?"

"காதுல கேக்கல. வயித்துல கேக்குது."

குக்கரை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டேன். என் அம்மா வீட்டுச் சீதனம், ஐந்து லிட்டர். வடித்த சோறுதான், பருப்பும் சட்டியில்தான். அதுவும் சரிவரவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கரை நான் எங்கே கட்டிப் போடுவது? கடைசியில் அத்தைதான் வழி சொன்னார். "நின்னுடுச்சுன்னு அவங்கிட்ட யாராச்சும் சொல்லணுமில்ல? நீ போயி சொல்லு." குக்கரை இறக்கினேன். மூணாவது விசிலுக்கு அடுப்பை அணைத்துவிட்டு, அவர் எதிரில் போய் நின்று, உதடு தெரிகிற மாதிரி, "நிறுத்திட்டேன்" என்று சொல்லுவேன். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார். டாக்டர் சொன்னதும் இல்லை, புத்தகத்தில் படித்ததும் இல்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாம்பார் வைத்தால் அந்த ஒரு வார்த்தை உண்டு.

மகள் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்போது அவளுக்கு ஒன்றரை வயசு. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் வீட்டில் எல்லோரும் "அப்பா வந்துட்டாரு, அப்பா வந்துட்டாரு" என்று ஓடுவோம். அதைக் கேட்டே வளர்ந்தவளுக்கு அப்பா என்றால் நீலக் காகிதம். அவர் வந்து ஒரு வாரம் ஆகியும் கிட்டே போகவில்லை. மணி அடித்தது, "அப்பா!" என்று வாசலுக்கு ஓடினாள், திண்ணையில் உட்கார்ந்திருந்தவரைத் தாண்டி. அவர் என்னிடம் ஒரு இன்லண்ட் கேட்டு வாங்கி, ஒரு மாடு, ஒரு கன்றுக்குட்டி படம் போட்டு, மகள் பேருக்கு விலாசம் எழுதி, கணியம்பாடி போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார். ரெண்டு நாள் கழித்து வந்தது. கையில் வாங்கி, மடியில் உட்காரவைத்துப் பிரித்துக் காட்டலாம் என்று ஆசை. அவள் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்துவிட்டாள். லீவு முடிவதற்கு ரெண்டு நாள் முன்னால்தான் அவர் தோளில் ஏறினாள். காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மாமா சொன்னார், "கொழந்தை பழகாமலே இருந்திருந்தா அவனுக்கு சுலுவா இருந்திருக்கும்."

நல்லதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். அடுத்த ரெண்டு மூணு லீவுகள் மோசம். கேன்டீன் ரம் ராத்திரிக்கு ராத்திரி. அடித்ததில்லை. ஒருநாள் களி சூடாக இருக்கிறது என்று தட்டை முற்றத்தில் வீசினார். கருவாட்டுக் குழம்பு சுவரெல்லாம் வழிந்தது. நான் பெட்டி கட்டினேன். அத்தை தடுக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து புடவையை மடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார். "உங்க மாமா 71ல வந்து ஆறு மாசம் கெணத்துமேட்டுலதான் படுத்தாரு. வூட்டுக்குள்ள வரமாட்டேன்னாரு. எனுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. நானே பாயைத் தூக்கினு கெணத்துமேட்டுக்குப் போனேன். நீ போறதுன்னா போ. பத்து நாள் இருந்துட்டு வா." போனேன். பத்து நாள் இல்லை, மூணு நாளில் அவரே வந்து எங்கள் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். பேசவில்லை. கிளம்பும்போது என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ரம்மை அவர் விட்டதற்கு ஒரு பெரிய காரணம் இருந்தால் எழுதலாம். அப்படி எதுவும் இல்லை. குறைந்தது, பிறகு நின்றது.

2001 செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கல்யாணமாகி அஞ்சு வருஷம் கழித்து எனக்கென்று ஒரு சமையல்கட்டு, ஒரு கதவு, உள்தாழ்ப்பாள். கத்திப் பேசினாலும் கேட்க மாமியார் இல்லை. ஆனால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்குக்காரப் பெண்ணுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பது ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மூணு மாசம்தான் நாங்கள் புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் மூணு பேரும் மார்க்கெட் போவோம், மகள் முன்கம்பியில்.

டிசம்பர் 13 பார்லிமென்ட் தாக்குதல். மாசக் கடைசிக்குள் பீரங்கிகளை ரயிலில் ஏற்றிவிட்டார்கள். ஆபரேஷன் பராக்ரம். பத்து மாசம் எல்லையில் நின்றார்கள். போர் வரவில்லை, ஆனாலும் கண்ணிவெடி புதைக்கிற வேலையிலேயே பல பேர் செத்தார்கள். குவார்ட்டர்ஸில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும். அப்போது போன் வசதி வந்துவிட்டது. எல்லோரும் வரிசையில் நின்று பேசினார்கள். எனக்கு அது உதவவில்லை. "ஆங்? ஆங்?" என்று மட்டும் கேட்கும். மீட்டர் ஓடும். ரெண்டு தடவைக்கப்புறம் நான் போய் 20 இன்லண்ட் வாங்கி வந்தேன். இந்த முறை பசை ஓரத்துப் பொடி எழுத்து திரும்ப வந்தது. படிக்கக் கொல்லைப்பக்கம் போக வேண்டியதில்லை, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

17 வருஷ சர்வீஸ் முடித்து 2006இல் பென்ஷனில் வந்தார். இப்போது வேலூரில் ஒரு இடத்தில் செக்யூரிட்டி வேலை. இசிஹெச்எஸ் என்கிற முன்னாள் பட்டாளத்துக்காரர்களுக்கான மருத்துவத் திட்டம் மூலமாக 2011இல் ஹியரிங் எய்ட் வந்தது. அந்த ஃபைலுக்கு நாங்கள் நடந்த நடை தனிப் பதிவாக எழுத வேண்டியது. அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று என்னை உட்காரவைத்து ஏதாவது பேசச் சொன்னார். என்ன பேசுவது? "துவரம்பருப்பு தீந்துபோச்சு" என்றேன். "உன் குரல் இப்படியா இருக்கும்?" என்றார். அப்போது கல்யாணமாகிப் பதினைஞ்சு வருஷம். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க என் பின்னாலேயே சுற்றினார்.

ராத்திரி படுக்கும்போது மெஷினைக் கழற்றி, பழைய பவுடர் டப்பாவில் போட்டு மூடி, ஜன்னல் திட்டில் வைத்துவிடுவார். அதற்கப்புறம் எதுவும் கேட்காது. அத்தையும் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மகள் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். மெதுவாகப் பேசவேண்டிய அவசியமே இல்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு உதட்டைக் காட்டிப் பேசலாம். ஆனால் அவர் படுத்ததும் திரும்பி முதுகைக் காட்டுவார், நான் எழுதுவேன். மஞ்சள் காமாலை வந்து தேறின பிறகு முதுகெலும்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கிறது. நடுவில் எழுத்து உடைகிறது. அதனால் வலது பக்கமாக, சின்னதாக எழுதுகிறேன். 25 வருஷத்துக்கு முன்னால் எழுதினதெல்லாம் இங்கே சொல்லக்கூடாதது. இப்போது எழுதுவது கேஸ், கேட், நாளைக்கு மருந்து.

முந்தாநாள் ராத்திரி பாதித் தூக்கத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. முதுகில் எழுதினேன்: "மோட்டார் நிறுத்தினீங்களா". முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் அவருக்குத் தூக்கம் சொக்கியிருக்க வேண்டும். மிச்சத்தைத் தானாகவே முடித்துக்கொண்டு, இருட்டில், திராஸ் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மோரா? மோர் தீந்துபோச்சே!"

காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு அக்கா ஒரு சொம்பு மோரோடு நிற்கிறார்.